இலுப்பூரும் யுத்தத்தின் பெயரும்

புதுக்கோட்டையிலிருந்து வடமேற்காகப் போகிற சாலையில், அன்னவாசலைத் தாண்டி, ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தூரத்தில் இலுப்பூர் இருக்கிறது. சித்தன்னவாசல் சித்திரங்களைக் காண வருகிறவர்களில் பெரும்பாலோர் அன்னவாசலோடு திரும்பிவிடுகிறார்கள். விராலிமலை முருகனைத் தரிசிக்க வருகிறவர்களோ திருச்சி மதுரைப் பெருஞ்சாலையிலேயே வந்து, அதிலேயே போய்விடுகிறார்கள். இரண்டுக்கும் இடையே அகப்பட்டுக்கொண்ட இலுப்பூருக்குக் காரியம் உள்ளவர்கள்தாம் வருவார்கள். தாலூகா கச்சேரியில் பட்டா மாற்ற வருகிறவர்கள், சந்தைக்கு வருகிறவர்கள், கல்யாணத்துக்குச் சாமான் வாங்க வருகிறவர்கள், இப்படி. வெறுமே ஊர் பார்க்க வந்தோம் என்று நாம் சொன்னபோது, பஸ் நிலையத்தில் இருந்தவர்கள் சற்று வியப்போடுதான் பார்த்தார்கள்.

ஊரின் பெயரிலேயே மரம் இருக்கிறது. இலுப்பை மரம் நம் முன்னோருக்கு ஒரு காமதேனு. அதன் விதையிலிருந்து எடுத்த எண்ணெய் கோயில் விளக்குகளில் எரிந்தது; பிண்ணாக்குத் தலை தேய்த்துக் குளிக்க உதவிற்று; பூவோ தித்திக்கும். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூச் சர்க்கரை என்று பழமொழி பிறந்தது சும்மாவா? இப்பொழுது மரங்கள் குறைந்துவிட்டன. பெயர் மட்டும் நிலைத்திருக்கிறது.

சுற்றிலும் வானம் பார்த்த பூமி. செம்மண்ணும், ஆங்காங்கே யானை படுத்திருப்பது போன்ற கரும்பாறைகளும், மழை பெய்தால் நிறைந்து பெய்யாவிட்டால் வெடித்துக் கிடக்கும் கண்மாய்களுமாக நிலம் பரந்து கிடக்கிறது. காவிரியின் கொடை இந்தப் பக்கத்துக்கு எட்டவில்லை. ஆயினும் சரித்திரம் எட்டியிருக்கிறது. அதிலும் யுத்தத்தின் சரித்திரம் வேண்டிய மட்டும் எட்டியிருக்கிறது. வடக்கே சோழநாடு, தெற்கே பாண்டிநாடு. இரண்டுக்கும் நடுவே இந்தப் பூமி. அருகிலுள்ள கொடும்பாளூரில் இருக்குவேளிர் வாழ்ந்தனர். அவர்களில் ஒருவராகிய பூதி விக்கிரமகேசரி கட்டிய மூவர் கோயிலில், மூன்றில் இரண்டு விமானங்கள் இன்றும் நிமிர்ந்து நிற்கின்றன. கோவலனும் கண்ணகியும் மதுரைக்குப் போன வழியில் இந்தக் கொடும்பாளூர்ப் பக்கத்திலேதான் பாதை மூன்றாகப் பிரிந்தது என்று சிலப்பதிகாரம் கூறுகிறது. வழி இருந்தால் வணிகனும் வருவான், யாத்திரிகனும் வருவான்; படையும் வரும்.

மாணவன் கேட்ட கேள்வி

நம்முடன் பள்ளி மாணவர்கள் சிலரும் வந்திருந்தார்கள். கொடும்பாளூர்க் கோயிலின் நிழலில் உட்கார்ந்து கட்டுச்சோற்றை அவிழ்த்துக்கொண்டிருந்த வேளையில், ஒரு பையன் திடீரென்று ஒரு கேள்வியைப் போட்டான்.

"சார், திருச்சியிலே நடந்த சண்டையில் தோற்ற பிரெஞ்சுக்காரர்களை யுத்தக் கைதிகள் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. கட்டபொம்மனை மட்டும் ஏன் தூக்கில் போட்டார்கள்? இரண்டும் சண்டைதானே?"

பையன் விளையாட்டாகக் கேட்கவில்லை. சோற்றுப் பொட்டலத்தைத் தொடாமல் பதிலுக்காகக் காத்திருந்தான். அவன் தொட்டது உலகத்துச் சட்ட நிபுணர்கள் இன்றுவரை வாதாடிக்கொண்டிருக்கும் விஷயம். துப்பாக்கி வெடித்து மனிதர் சாகும் ஒவ்வொரு சந்தர்ப்பத்திலும், "இது யுத்தமா, கலகமா, வெறும் அடிதடியா?" என்று ஒருவர் பெயரிடுகிறார். அந்தப் பெயரைப் பொறுத்தே பிடிபட்டவன் பிழைப்பதும் சாவதும் அமைகிறது. இதை நேயர்கள் விளங்கிக்கொள்வதற்கு ஜெனீவாவுக்குப் போகவேண்டியதில்லை. இலுப்பூர்ச் சாலையில் நின்று நாற்புறமும் பார்த்தாலே போதும்.

1752: ஒரே பாசறை, இரண்டு கதி

முதலில் வடக்கே பார்ப்போம். இலுப்பூருக்கு வடக்கே திருச்சிராப்பள்ளி. கர்நாடக நவாப் பதவிக்கு முகம்மது அலியும் சந்தா சாகிபும் போட்டியிட்டார்கள். முகம்மது அலிக்கு இங்கிலீஷ் கம்பெனி துணை. சந்தா சாகிபுக்குப் பிரெஞ்சுக் கம்பெனி துணை. வேடிக்கை என்னவென்றால், அந்த வருஷங்களில் இங்கிலாந்தும் பிரான்ஸும் ஐரோப்பாவில் சமாதானமாக இருந்தன. 1748இல் செய்துகொண்ட உடன்படிக்கை அமலில் இருந்தது. அங்கே விருந்தில் கைகுலுக்கிக்கொண்ட இரண்டு தேசத்தாரும், இங்கே காவிரிக் கரையில் ஒருவரையொருவர் பீரங்கியால் சுட்டுக்கொண்டார்கள். கேட்டால், "நாங்கள் சண்டை போடவில்லை, எங்கள் நவாபுக்கு ஒத்தாசை செய்கிறோம்" என்றார்கள். ஆகவே இதை இரண்டு ராஜ்யங்களின் யுத்தம் என்பதா, ஒரு ராஜ்யத்துக்குள் நடந்த வாரிசுச் சண்டை என்பதா?

நம் புதுக்கோட்டைத் தொண்டைமான் இதில் முகம்மது அலியின் பக்கம் நின்றார். முற்றுகையிடப்பட்டிருந்த திருச்சிக்குத் தொண்டைமான் சீமையிலிருந்து தானியமும் ஆடுமாடுகளும் போயின, ஆட்களும் போனார்கள். அதற்குப் பழிவாங்குவதற்காக 1754இல் பிரெஞ்சுப் படையும் மைசூர்ப் படையும் தொண்டைமான் சீமைக்குள் நுழைந்தன. குடிஜனங்கள் மாடு கன்றுகளை ஓட்டிக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டார்கள். வந்தவர்கள் ஆளற்ற கிராமங்களுக்குத் தீவைத்தார்கள். ஓலைக் கூரை எரிந்த குடியானவனுக்கு அது உள்நாட்டுச் சண்டையா வெளிநாட்டுச் சண்டையா என்பதில் என்ன வித்தியாசம் இருந்திருக்கும்?

ஆனால் பிடிபட்டவர்களுக்கு வித்தியாசம் இருந்தது. 1752ஆம் வருஷம் ஜூன் மாதம் ஸ்ரீரங்கத்தில் இருந்த பிரெஞ்சுப் படை சரணடைந்தது. தளபதி லாவும் அவருடைய சிப்பாய்களும் யுத்தக் கைதிகள் ஆனார்கள். அவர்கள் பக்கத்தில் நின்று போராடிய சந்தா சாகிபோ, தஞ்சைத் தளபதியின் வாக்கை நம்பி அவனிடம் அடைக்கலம் புகுந்து, அங்கே தலையை இழந்தார். ஒரே பாசறை, ஒரே வாரம், ஒரே தோல்வி. பிரெஞ்சுக்காரனைத் தொட்டால் நாளைக்குப் பிரான்ஸ் கேட்கும். சந்தா சாகிபுக்காகக் கேட்க ஒரு ராஜ்யமும் இல்லை. அந்தக் காலத்தில் யுத்த தருமத்தின் அளவுகோல் இவ்வளவுதான்: பின்னால் கேட்க ஆள் இருந்தால் கைதி, இல்லாவிட்டால் பலி.

1799: அரசனா, கலகக்காரனா?

இப்பொழுது தெற்கே திரும்புவோம். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை 1799 செப்டம்பர் 5ஆம் தேதி மேஜர் பானர்மேன் தாக்கினான். கட்டபொம்மன் கோட்டையை விட்டு வெளியேறி வடக்கு நோக்கி வந்து, தொண்டைமானின் ஆட்களால் காட்டிலே பிடிக்கப்பெற்றுக் கம்பெனியாரிடம் ஒப்படைக்கப்பெற்றான். அக்டோபர் 16ஆம் தேதி கயத்தாற்றில், மற்றப் பாளையக்காரர்களை வரவழைத்து உட்காரவைத்து, அவர்கள் கண்ணெதிரில் பானர்மேன் ஒரு விசாரணை நடத்தினான். அன்றே கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டான்.

கம்பெனியார் சொன்ன காரணம் தெரிந்ததே: கிஸ்தி பாக்கி, கலெக்டரின் உத்தரவை மீறியது, ஆயுதம் எடுத்தது. அதாவது, அவன் கலகக்காரன். ஆனால் யாருக்கு எதிராகக் கலகம்? 1799இல் கர்நாடகத்துக்குப் பெயரளவிலேனும் நவாபே அதிபதி. 1792 உடன்படிக்கையின்படி பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கும் உரிமைதான் கம்பெனிக்கு வந்திருந்தது. ராஜ்யம் முழுவதும் கம்பெனியின் கைக்குப் போனது 1801 ஜூலையில்தான். வசூல்காரனை எதிர்த்தவன் ராஜத்துரோகி ஆவானா? தன் கோட்டையும் தன் படையும் தன் நீதியும் வைத்திருந்த பாளையக்காரனை ஒரு சிறிய அரசன் என்று கொண்டால், நடந்தது யுத்தம். அவன் யுத்தக் கைதி. குடிபடை என்று கொண்டால், நடந்தது கலகம், அவன் குற்றவாளி. இந்த இரண்டில் எது என்று தீர்மானித்தவன் யார்? எதிர்ப்படையின் தளபதியே! வாதியும் அவன், சாட்சியும் அவன், நீதிபதியும் அவன்.

தொண்டைமானைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இந்த ஜில்லாவில் இந்தக் கதையைப் பேச முடியாது. அவர் காட்டிக்கொடுத்தார் என்று இன்றும் ஏசுகிறவர்கள் உண்டு. தம் தகப்பன் பாட்டன் காலத்து நட்புக்கு ஏற்பத் தம் கடமையைச் செய்தார் என்று பரிந்து பேசுகிறவர்களும் உண்டு. புதுக்கோட்டையில் இந்தப் பேச்சு எழுந்தால் காப்பி ஆறிப்போகும் வரை ஓயாது. நாம் அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. இன்றைய சட்டம் என்ன சொல்கிறது என்பதை மட்டும் குறிப்பிடுவோம். 1949ஆம் வருஷத்து மூன்றாவது ஜெனீவா ஒப்பந்தத்தின் 12ஆம் ஷரத்து, யுத்தக் கைதியை ஒரு ராஜ்யம் தன் நேச ராஜ்யத்திடம் ஒப்படைக்க வேண்டுமானால், பெற்றுக்கொள்கிறவன் கைதியைச் சட்டப்படி நடத்துவான் என்பதை முதலில் நிச்சயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்கிறது. ஒப்படைத்த பிறகு கைதிக்குக் கொடுமை நேர்ந்தால், கொடுத்தவன் தலையிட்டுத் திருத்தவேண்டும், அல்லது கைதியைத் திரும்பக் கேட்கவேண்டும். "நான் பிடித்துக் கொடுத்தேன், அவ்வளவுதான்" என்று கைகழுவ இன்றைக்கு இடமில்லை.

1945: செங்கோட்டையில் அதே கேள்வி

கட்டபொம்மனிடம் கேட்கப்படாத கேள்வி, 146 வருஷங்களுக்குப் பிறகு டில்லிச் செங்கோட்டையில் உரக்கக் கேட்கப்பட்டது. நேதாஜி 1943 அக்டோபர் 21ஆம் தேதி சிங்கப்பூரில் சுதந்திர இந்தியத் தற்காலிக ஸர்க்காரை அமைத்தார். அந்தப் படையில் மலேயாத் தோட்டங்களில் ரப்பர்ப் பால் வடித்துக்கொண்டிருந்த தமிழர் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். ஜான்ஸி ராணிப் படையில் தமிழ்ப் பெண்கள் துப்பாக்கி ஏந்தினார்கள். யுத்தம் முடிந்ததும், ஷா நவாஸ் கான், ஸேகல், தில்லான் என்ற மூன்று அதிகாரிகள்மீது, சக்கரவர்த்திக்கு விரோதமாக யுத்தம் செய்ததாக 1945 நவம்பரில் வழக்குத் தொடரப்பட்டது.

அவர்களுக்காக வாதாடிய பூலாபாய் தேசாயின் வாதத்தின் சாரம் இதுதான்: தனக்கென ஸர்க்காரும் ஒழுங்கான படையும் வைத்துக்கொண்டு விடுதலைக்காகப் போராடுகிறவர்கள் கலகக்காரர் அல்லர், சர்வதேசச் சட்டப்படி அவர்கள் யுத்தம் செய்யும் தரப்பினர், ஆகவே யுத்தத்தில் செய்த காரியத்துக்காக உள்நாட்டுத் தண்டனைச் சட்டத்தின் கீழ் அவர்களைத் தண்டிக்க முடியாது. ராணுவக் கோர்ட்டு அதை ஒப்புக்கொள்ளவில்லை. மூவருக்கும் ஆயுள் தண்டனை விதித்தது. ஆனால் தேசம் ஒப்புக்கொண்டுவிட்டது! ஊர் ஊராக எழுந்த கொதிப்பைக் கண்டு, 1946 ஜனவரியில் சேனாதிபதி ஆக்கின்லெக் அந்தத் தண்டனையை ரத்துச் செய்தார்.

பூலாபாய் தேசாய் அந்த வருஷமே காலமானார். அவர் வாதாடிய தத்துவம் பின்னர் சட்டப் புத்தகத்தில் ஏறிற்று. 1977இல் ஏற்பட்ட முதலாவது துணை ஒப்பந்தம், அந்நிய ஆட்சிக்கும் ஆக்கிரமிப்புக்கும் நிறவெறி ஆட்சிக்கும் எதிராகச் சுயநிர்ணய உரிமைக்காக மக்கள் நடத்தும் போரைச் சர்வதேச யுத்தமாகவே கருதவேண்டும் என்கிறது.

மூன்று படிகள்

இனி, சட்டம் சண்டைகளை எப்படி வகைப்படுத்துகிறது என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். ஒரு ஜல்லிக்கட்டில் இரண்டு ஊர்க்காரர்கள் கைகலந்துகொள்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கம்பு வீசுகிறார்கள், நாலு மண்டை உடைகிறது, போலீஸ் வருகிறது. இது கலவரம். ஆயிரம் பேர் சேர்ந்தாலும், ஒருவர் இருவர் மாண்டாலும் இது யுத்தம் அல்ல. உள்நாட்டுச் சட்டமும் போலீஸும் கோர்ட்டும் போதும். இது முதற்படி.

இரண்டாவது படி, ஒரு தேசத்துக்குள்ளே ஸர்க்காருக்கும் ஆயுதமேந்திய இயக்கத்துக்கும், அல்லது இரண்டு இயக்கங்களுக்குள்ளே நடக்கும் போர். கலவரத்திலிருந்து இதைப் பிரிப்பதற்கு இரண்டு அடையாளங்கள் உண்டு. சண்டை கடுமையாகவும் நீடித்ததாகவும் இருக்கவேண்டும். போராடுகிற இயக்கத்துக்குத் தலைமையும் கட்டளை ஒழுங்கும் இருக்கவேண்டும். யூகோஸ்லாவியா சம்பந்தமான சர்வதேச நீதிமன்றம் 1995இல் டாடிச் என்பவனுடைய வழக்கில் வகுத்த அளவுகோலிலிருந்து வந்தது இது. ஸர்க்கார் அதைப் "பயங்கரவாதம்" என்று அழைத்தாலும், இயக்கம் "புரட்சி" என்று அழைத்தாலும் சட்டத்துக்கு அக்கறை இல்லை. களத்தில் நடப்பது என்ன என்பதே கேள்வி.

மூன்றாவது படி, ராஜ்யத்துக்கும் ராஜ்யத்துக்கும் நடக்கும் யுத்தம். இங்கேதான் முழுச் சட்டமும் வருகிறது. பிடிபட்ட சிப்பாய் யுத்தக் கைதி. சண்டை போட்டான் என்பதற்காக மட்டும் அவனைத் தண்டிக்கக் கூடாது. யுத்தப் பிரகடனம் செய்யவில்லை என்ற சாக்கும் செல்லாது. துப்பாக்கி வெடித்தாலே போதும்.

இரண்டாவது படியில் இருக்கிறவனுக்கு இந்தப் பாக்கியம் இல்லை. தன் தேசத்தின் ஸர்க்காரை எதிர்த்து ஆயுதம் எடுத்தவனை ராஜத்துரோகத்துக்காக விசாரிக்கலாம். அப்படியானால் அவனுக்கு ஒன்றுமே இல்லையா? இங்கேதான் இலுப்பைப்பூ வருகிறது. முழுச் சட்டமாகிய சர்க்கரை ஆலை இல்லாத இடத்துக்கென்று, 1949 ஆகஸ்டு 12ஆம் தேதி நிறைவேறிய நான்கு ஜெனீவா ஒப்பந்தங்களிலும் ஒரே வாசகமாக ஒரு ஷரத்தை வைத்தார்கள். அதற்குப் பொது மூன்றாவது ஷரத்து என்று பெயர். ஆயுதத்தைக் கீழே போட்டவனையும், காயம்பட்டவனையும், சண்டையில் சேராத குடிஜனத்தையும் கொல்லக் கூடாது. சித்திரவதை செய்யக் கூடாது. பிணையாகப் பிடித்து வைக்கக் கூடாது. மானத்தைப் பறிக்கக் கூடாது. ஒழுங்காக அமைந்த நீதிமன்றத்தின் தீர்ப்பு இல்லாமல் தண்டிக்கக் கூடாது. காயம்பட்டோரைத் திரட்டிச் சிகிச்சை செய்யவேண்டும். இவ்வளவுதான் ஷரத்து. இது இரு தரப்பாரையும் கட்டுப்படுத்தும். ஸர்க்காரை மட்டும் அல்ல.

அந்த ஷரத்தின் கடைசி வரியில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. இந்த விதிகளை அநுசரிப்பதனால் எந்தத் தரப்பாருடைய சட்ட அந்தஸ்தும் மாறிவிடாது என்கிறது அது. "கலகக்காரனுக்குத் தண்ணீர் கொடுத்தால் அவனை அரசனாக ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுமே!" என்று அஞ்சும் ஸர்க்கார்களுக்கு, "அஞ்சவேண்டாம், தண்ணீரைக் கொடு" என்று சொல்கிறது.

இப்போது மாணவனுக்குப் பதில் சொல்லலாம். கயத்தாற்றில் நடந்ததை இன்றைய தராசில் நிறுத்துப் பார்த்தால், கட்டபொம்மனை அரசன் என்று கொண்டால் யுத்தக் கைதி. அந்நிய ஆட்சியை எதிர்த்த விடுதலைப் போராளி என்று கொண்டால் முதலாவது துணை ஒப்பந்தத்தின்படி அப்பொழுதும் யுத்தக் கைதி. வெறும் கலகக்காரன் என்றே கொண்டாலும், மூன்றாவது ஷரத்தின்படி ஒழுங்கான நீதிமன்றம் வேண்டும். பகைத் தளபதியே விசாரித்து, அன்றைக்கே தூக்கிலிடுவது மூன்றில் எதன்படியும் செல்லாது.

கடலுக்கு அப்பால்

இலுப்பூர்க் கடைவீதியில் டீக்கடைப் பெஞ்சில் அமர்ந்து இதையெல்லாம் பேசிக்கொண்டிருந்தோம். காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர், தோளில் இருந்த துண்டைச் சரிசெய்துகொண்டு கேட்டார்:

"அதெல்லாம் சரி, வாத்தியாரையா. நம்ம பட்டாளம் சிலோனுக்குப் போய்ச் சண்டை போட்டதே, அது உங்கள் கணக்கில் எந்தப் படி?"

எவ்வளவு கூர்மையான கேள்வி! 1987 ஜூலை 29ஆம் தேதி ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பந்தம் செய்தார்கள். அமைதி காக்கப் போன நம் படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் அந்த அக்டோபரிலேயே சண்டை மூண்டது. 1990 மார்ச்சில் படை திரும்பி வருவதற்குள் நம் சிப்பாய்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்; ஈழத்துக் குடிஜனங்களும் மாண்டார்கள். கடல் கடந்து அந்நிய மண்ணில் நடந்த சண்டையாயிற்றே, சர்வதேச யுத்தம் என்றுதான் தோன்றும். ஆனால் இலங்கை ஸர்க்காரின் சம்மதத்தோடு போனபடியால், ராஜ்யத்துக்கும் ராஜ்யத்துக்கும் சண்டை இல்லை. ராஜ்யத்துக்கும் ஓர் இயக்கத்துக்கும்தான். ஆகவே சட்டத்தின் கண்ணில் அது இரண்டாவது படி. படி எது என்பதைக் கடலும் எல்லைக்கோடும் தீர்மானிப்பதில்லை. எதிரே நிற்பது யார் என்பதே தீர்மானிக்கிறது. பெரியவர் தலையை ஆட்டினார். திருப்தியோடு ஆட்டினாரா என்றால் இல்லை. "செத்தவனுக்கு எந்தப் படியானால் என்ன?" என்றார். அதற்கு நம்மிடம் மறுமொழி இல்லை. இருக்கிறவனுக்காகத்தான் சட்டம் என்று மட்டும் மெல்லச் சொன்னோம்.

இருக்கிறவர்கள் வெகு தூரத்தில் இல்லை. இலுப்பூர் இருக்கும் இதே புதுக்கோட்டை ஜில்லாவில் லேணா விளக்கிலும், தோப்புக்கொல்லையிலும், அழியாநிலையிலும், ஈழத்திலிருந்து ஓடிவந்த குடும்பங்கள் முகாம்களில் வாழ்கின்றன. 1983 ஜூலைக்குப் பிறகு அலை அலையாகப் படகேறி ராமேசுவரத்தில் கரை இறங்கியவர்களும், இங்கேயே பிறந்தவர்களும் அவர்களில் உண்டு. "அகதிகள் முகாம்" என்று இருந்த பெயரைத் தமிழக ஸர்க்கார் 2021இல் "இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்" என்று மாற்றியது. பெயரை மாற்றினால் போதுமா என்று கேட்கலாம், போதாதுதான். ஆயினும் பெயருக்கு வலிமை உண்டு என்பதை அந்தக் குடும்பங்களைக் காட்டிலும் அறிந்தவர் யார்?

அவர்கள் தப்பி வந்த யுத்தம் 2009 மே மாதத்தில் முடிந்தது. கடைசி மாதங்களில் நடந்ததை இலங்கை ஸர்க்கார் "மனிதாபிமான நடவடிக்கை" என்று அழைத்தது. ஐக்கிய நாட்டுச் சபைச் செயலாளர் நியமித்த மூவர் குழு, 2011 மார்ச்சில் சமர்ப்பித்த அறிக்கையில், அது உள்நாட்டு ஆயுதப் போர் என்றும், மூன்றாவது ஷரத்து அதற்குப் பொருந்தும் என்றும் வைத்துக்கொண்டு ஆராய்ந்தது. ஆஸ்பத்திரிகள்மீது குண்டு வீசியதாக ஸர்க்கார்மீதும், குடிஜனங்களைக் கேடயமாகப் பிடித்துவைத்ததாகப் புலிகள்மீதும் நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகள் இருப்பதாகக் கூறிற்று. இறந்த குடிஜனங்கள் 40,000 வரை இருக்கக்கூடும் என்பதையும் அது தள்ளிவிடவில்லை. பெயரை ஒட்டித்தான் இந்த விசாரணையே எழுந்தது. "போலீஸ் நடவடிக்கை" என்றோ "மீட்பு வேலை" என்றோ விட்டிருந்தால், யாரும் எதையும் கேட்டிருக்க முடியாது.

அதே நாட்களில் இன்னொன்றும் நடந்தது. செஞ்சிலுவைச் சங்கத்தார் புதுமாத்தளன் கரையோரத்திலிருந்து காயம்பட்டோரையும் உறவினரையும் ஆயிரக்கணக்கில் கப்பலில் ஏற்றிக் கரைசேர்த்தார்கள். பாரபட்சமற்ற மனிதாபிமான ஸ்தாபனம் இரு தரப்பாருக்கும் தன் சேவையை அளிக்க முன்வரலாம் என்று அந்த மூன்றாவது ஷரத்திலேயே ஒரு வரி இருக்கிறது. அந்த ஒரு வரி கப்பலாக மாறிக் கடலில் மிதந்தது. இலுப்பைப்பூ சர்க்கரை ஆகாதுதான். ஆனால் பட்டினியாகக் கிடந்தவன் நாவில் அது தித்தித்தது.

நம் வீட்டுக் கணக்கு

பிறர் தேசத்தைப் பற்றிப் பேசுவது சுலபம். நம் தேசத்தைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். பாரதம் ஜெனீவா ஒப்பந்தங்களை 1950இல் ஏற்றுக்கொண்டது. 1960இல் அதற்கென்று பார்லிமெண்டில் சட்டமும் இயற்றியது. ஆனால் 1977ஆம் வருஷத்துத் துணை ஒப்பந்தங்களில் நம் தேசம் இன்னும் சேரவில்லை. பூலாபாய் தேசாயின் வாதத்துக்கு உலகம் எழுதிக்கொடுத்த சாஸனத்தில், அவர் பிறந்த தேசத்தின் கையெழுத்து இல்லை! காரணம் இல்லாமல் இல்லை. தன் எல்லைக்குள் நடப்பதைப் பிறர் யுத்தம் என்று அழைப்பதை எந்த ஸர்க்காரும் விரும்புவதில்லை. கொழும்புக்கு இருந்த கூச்சம் டில்லிக்கும் உண்டு, லண்டனுக்கும் இருந்தது. கம்பெனிக்கு இருந்ததைத்தான் மேலே பார்த்தோமே.

தேசபக்தி என்பது நம் ஸர்க்கார் சூட்டும் பெயரை அப்படியே திருப்பிச் சொல்வது அன்று. செங்கோட்டை வழக்கின்போது நம் தாத்தாக்களும் பாட்டிகளும், ஸர்க்கார் "துரோகிகள்" என்று சொன்னவர்களை "வீரர்கள்" என்று சொன்னார்கள். அதனாலேயே மூன்று பேருடைய தண்டனை ரத்தாயிற்று. பெயரிடும் உரிமையை அவர்கள் ராணுவக் கோர்ட்டுக்கு விட்டுக்கொடுக்கவில்லை.

ஆகையால், காலையில் பத்திரிகையை விரித்ததும் "ராணுவ நடவடிக்கை", "பயங்கரவாத ஒழிப்பு", "விசேஷ நடவடிக்கை" என்ற சொற்களைக் கண்டால், அது எந்தத் தேசத்துச் செய்தியானாலும், வீட்டிலுள்ள குழந்தைகளுக்கு மூன்று கேள்விகளைக் கற்றுக்கொடுப்போம். எதிரெதிரே நிற்கிறவர்கள் யார் யார்? சண்டை எவ்வளவு கடுமையாக, எத்தனை நாளாக நடக்கிறது? பிடிபட்டவனையும் காயம்பட்டவனையும் என்ன செய்கிறார்கள்? முதல் இரண்டு கேள்விகளுக்குச் சட்ட நிபுணர்கள் ஆளுக்கொரு விதமாகப் பதில் சொல்லக்கூடும். மூன்றாவதற்கு ஒரே பதில்தான் சரியான பதில். அதைச் சொல்ல நிபுணர் வேண்டியதில்லை.